சாரதி இல்லாத ரயிலில் மாப்பிள்ளை பார்த்தது

எங்கள் கரையோர ஊர்களில் ஒரு மாப்பிள்ளையை விசாரிக்க மூன்று இடங்கள் போதும். அவர் தொழுகிற பள்ளிவாசல், முடி வெட்டுகிற சலூன், தெருமுனையில் சிகரெட் விற்கிற சில்லறைக் கடை. பள்ளிவாசலில் ‘நல்லாத் தெரியும்’ என்றும் கடையில் ‘கண்டதே இல்ல’ என்றும் சொன்னால் நல்ல மாப்பிள்ளை. கடையில் தெரிந்து பள்ளிவாசலில் தெரியாவிட்டால், கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட வேண்டியதுதான். சலூன்காரர் இரண்டுக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்வார்.

மாப்பிள்ளை கட்டாரில் இருந்தால்தான் சிக்கல். அங்கே சலூன்காரர் நேபாளி, சில்லறைக் கடைக்காரர் மலையாளி. நம்முடைய மாப்பிள்ளையின் நடத்தையில் இருவருக்கும் எந்த அக்கறையும் கிடையாது. ஊரிலிருந்து ஓர் ஆளை அனுப்ப வேண்டியிருக்கிறது. இந்த முறை அனுப்பப்பட்ட ஆள் நான்.

தகுதி இருந்ததால் அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது. கல்முனையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்புவது என் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது என் வியாதி. முதலாவதுக்குச் சம்பளம் தருகிறார்கள், இரண்டாவதுக்குத் திட்டுகிறார்கள். ஆனால் எழுதுகிறவனுக்கு மனிதர்களைப் பார்த்தவுடன் விளங்கிவிடும் என்று என் தங்கை பரீதா நம்புகிறாள். என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தும் அவள் இப்படி நம்புவது அவளுடைய நல்ல மனது.

விஷயம் பரீதாவின் மகள் நுஸ்ராவைப் பற்றியது. நுஸ்ரா கல்முனையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்மாரின் கையெழுத்தையே வாசித்துவிடுகிற பிள்ளை. மனிதர்களை வாசிப்பதில்தான் எங்கள் குடும்பம் ஒருமுறை தோற்றுப்போனது. போன வருடம் பேசி முடித்த மாப்பிள்ளை சவூதியில் எஞ்சினியர் என்றார்கள். அழைப்பிதழ் அடித்த பிறகுதான் அந்தப் பட்டச் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததல்ல என்பது தெரியவந்தது. கலியாணம் நின்றது. சாய்ந்தமருதில் அவளுக்கென்று கட்டிய வீட்டுக்குப் பெயின்ற் அடித்த மணம் அப்போது போயிருக்கவும் இல்லை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். நானும் அப்படி வந்தவன்தான். என் மாமியார் வீட்டில் எந்தக் கதவு முனகும் என்பது எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

இப்போது வந்திருக்கும் மாப்பிள்ளை சிஹான், அட்டாளைச்சேனைப் பொடியன். தரகர் ஒரே வரியில் விஷயத்தை முடித்தார்: “கட்டார்ல ரயில் ஓட்டுறாரு.”

இந்த வரி எங்கள் ஊரில் என்ன செய்யும் என்பதை ரயில் உள்ள ஊர்க்காரர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள். எங்கள் கரையில் தண்டவாளம் கிடையாது. கொழும்பிலிருந்து வருகிற ரயில் மட்டக்களப்போடு களைத்துப்போய் நின்றுவிடும். ஒவ்வொரு தேர்தலுக்கும் அது கல்முனையைத் தாண்டிப் பொத்துவில் வரை வரும், வாக்கு எண்ணி முடிந்ததும் மட்டக்களப்புக்கே திரும்பிவிடும். அப்படிப்பட்ட ஊரில் ரயில் ஓட்டுகிற மருமகன் என்றால், கப்பல் வாங்கிய மாதிரி. பரீதாவின் கணவர் இதைத் தேநீர்க் கடையில் ஆரம்பித்துப் பள்ளிவாசலில் கை கால் கழுவுகிற ஹவுழடி வரை சொல்லி முடித்துவிட்டார். வுழூச் செய்ய வந்தவர்கள் கால் கழுவ மறந்து நின்று கேட்டார்களாம்.

“போய் அவரு ஓட்டுற ரயில்ல ஏறுங்க காக்கா. முன்னுக்கு நிண்டு பாருங்க” என்றாள் பரீதா. எங்கள் பக்கத்தில் அண்ணன் என்றால் காக்கா.

நுஸ்ரா வாசல் வரை வந்து, உம்மாவுக்குக் கேட்காமல் வேறொன்று சொன்னாள்.

“மாமா, வேல பெரிசா சின்னதா எண்டு பாக்க வேணாம். பொய் இரிக்கா எண்டு மட்டும் பாருங்க. இன்னொரு பொய்யெண்டா எனக்கு இந்தக் கலியாணப் பேச்சே வேணாம். வீட்ட வாடகைக்குக் குடுத்திட்டு நான் என்ட மருந்துக் கடையோட இரிக்கன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவளுடைய வாப்பா கோபத்தில் சொன்னால் மறுநாள் மாறும். இவள் சிரித்துக்கொண்டு சொன்னால் மாறாது.

டோஹாவில் என் மச்சினன் ரிஸ்வான் இருக்கிறான். மனைவியின் தம்பி. அவன் அறையில் ஐந்து பேர், ஐந்து கட்டில், ஒரு சமையலறை. என் பெட்டியைத் திறந்ததும் ஐந்து பேரும் அதைச் சுற்றி மையித்துத் தொழுகைக்கு நிற்பது போல மௌனமாக நின்றார்கள். கருவாடு, மாசி, தொதல், ஒரு பெட்டி மஸ்கட். மஸ்கட் என்பது எங்கள் ஊரில் நெய் வடிய வடியக் கிண்டுகிற இனிப்பு. வளைகுடாவில் அது யாருக்கும் தெரியாது. அரபு நாட்டின் பெயரை வைத்த பண்டத்தை அரபு நாட்டுக்குக் கொண்டுபோய் இது என்னவென்று விளக்கிய பெருமை எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் சாப்பிட்டதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு பெரிய தட்டத்தில் சோறும் முழுக் கோழியும் வைத்தார்கள். சோறு வாசமாக இருந்தது, கோழி மெதுவாக இருந்தது, உறைப்பு மட்டும் எங்கேயோ லீவில் போயிருந்தது. ரிஸ்வான் அலமாரியிலிருந்து எங்கள் ஊர்க் கொச்சிக்காய்த் தூளை எடுத்து மருந்து போலத் தூவினான்.

“மச்சான், மாப்பிள்ள விசாரிக்க வந்திரிக்கிற எண்டு ஒருத்தருக்கும் சொல்லிடாதீங்க” என்றான். “இஞ்ச நம்மட ஊர் ஆக்கள் கூடுதல். கத பரவிடும்.”

“நான் யாருக்குச் சொல்லப் போறன்?” என்றேன். அப்போது அறையில் மற்ற நால்வரும் இருந்தார்கள்.

மறுநாள் ரிஸ்வான் வேலைக்குப் போகும்போது பயண அட்டையை என் கையில் தந்து, ரயில் நிலையத்தைக் காட்டிவிட்டுப் போனான். நகரத்திலிருந்து தெற்கே வக்ரா என்கிற புறநகருக்குப் போகிற ரயில். காலையும் மாலையும் வேலைக்குப் போகிறவர்களைச் சுமக்கிற பாதை. சிஹானுக்கு வேலை அந்தப் பாதையில்தான் என்று தரகர் சொல்லியிருந்தார். அவரிடம் அறிவிக்காமல் போய், ரயிலின் முன்னால் நின்று, சாரதி அறையின் கண்ணாடி வழியாக ஒருதரம் பார்த்துவிட்டு வருவது என் திட்டம். துப்பறியும் வேலைக்கு இதைவிடச் சுலபமான நாள் கிடைக்காது என்று நினைத்தேன்.

உள்ளே குளிர். கட்டாரில் வெளியே சித்திரை, உள்ளே மார்கழி. நான் சால்வையைக் காதோடு சுற்றிக்கொண்டு முதல் பெட்டிக்கு நடந்தேன். அங்கே ஆபிரிக்க நாட்டைச் சேர்ந்த ஓர் ஊழியப் பெண் வழி மறித்தார்.

“குடும்பமா, சேர்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“குடும்ப விஷயமாகத்தான் வந்திருக்கிறேன்” என்றேன்.

அவர் மிக மரியாதையாக என்னைப் பின்னால் அனுப்பிவைத்தார். முதல் பெட்டி குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் கூடக் காசு கொடுத்தவர்களுக்கும் உரியதாம். தனி ஆண்கள் எல்லாம் பின்னால். நான் கடைசிப் பெட்டியின் கடைசி மூலை வரைக்கும் பின்வாங்கினேன். அங்கே சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கண்ணாடி இருந்தது. சாரதியின் முகத்தைப் பார்க்க வந்தவன் வக்ரா வரைக்கும் ரயிலின் முதுகுக்குப் பின்னால் விலகிப்போகிற தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். சுரங்கம் முடிந்து வெளிச்சத்துக்கு வந்ததும் பாலத்தின் மேல் ஓட ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் மணல். நிந்தவூர்க் கடற்கரை மணலேதான், கடலை மட்டும் எடுத்துவிட்டுப் பாரந்தூக்கிகளை நட்டு வைத்த மாதிரி.

வக்ராவில் இறங்கி, மேடையில் ஒரு சுற்று நடந்து மறுபடி ஏறினேன். இந்த ரயில் திரும்பாமலே திரும்பிப் போகிறது. வரும்போது வாலாக இருந்தது போகும்போது தலை. அதாவது என் மூலைதான் இப்போது முன்பக்கம். குடும்பம் இல்லாதவனுக்கும் ஒரு வழி முன்கண்ணாடி கிடைக்கிறது.

கண்ணாடியை ஒட்டி ஓர் இருக்கை காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை. அது சாரதியின் இடம் என்று நினைத்தேன். எங்கள் பஸ்களில் முன் இருக்கை மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டது, அதில் தெரியாமல் உட்கார்ந்து எழுப்பப்பட்ட அனுபவம் எனக்கு நிறைய. ஆகவே மரியாதையாக ஒதுங்கி நின்று, சிஹான் வந்தால் எந்த முகத்தோடு சலாம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தார். சிஹான் இல்லை, இன்றைக்கு வேறு சாரதி போலிருக்கிறது என்று நினைத்தேன். பெண் சாரதி. நல்ல முன்னேற்றம். அவர் கைப்பையைத் திறந்தார். சாவியை எடுக்கப் போகிறார் என்று பார்த்தேன். உதட்டுச் சாயத்தை எடுத்தார். அதே கணத்தில் கதவுகள் மூடின, ரயில் புறப்பட்டது. வேகம் கூடக் கூட அவர் கண்ணாடியில் பார்த்துச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். நான் கலிமாவைச் சொல்லிக்கொண்டு கம்பியைப் பிடித்தேன்.

“மெடம், யார் ஓட்டுகிறார்கள்?” என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “யாரும் இல்லை சேர். இது தானாக ஓடும். நீங்கள் இதற்குப் புதிதா?”

எனக்கு மட்டுமல்ல, மட்டக்களப்புக்குத் தெற்கே இருக்கிற அத்தனை பேருக்கும் இது புதிது. இரண்டு தண்டவாளங்களும் வெறிச்சோடி முன்னால் வந்து எங்கள் காலடியில் நுழைந்துகொண்டிருந்தன. மாடு இல்லை, ஆடு இல்லை, சைக்கிளில் மீன் பெட்டியோடு குறுக்கே பாய்கிறவர் இல்லை. எங்கள் அக்கரைப்பற்று பஸ்ஸில் முன்கண்ணாடி என்றால் பாதியைத் துஆ என்கிற பிரார்த்தனை வரிகளும், முதலாளியின் பிள்ளைகள் பெயரும், பிளாஸ்டிக் பூமாலையும் அடைத்திருக்கும். மீதி வழியாகச் சாரதி பார்ப்பார். பார்த்துக்கொண்டே நடத்துனரோடு சண்டை பிடிப்பார். இங்கே சுத்தமான கண்ணாடி, முழு உலகமும் தெரிகிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. வேறொரு நாள் என்றால் நான் ரசித்திருப்பேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் நுஸ்ராவின் சிரித்த முகம்தான். ஓட்டுகிற ஆளே இல்லாத ரயிலை ஓட்டுகிறவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

அறைக்கு வந்து சேர்வதற்குள் பரீதாவின் குரல் பதிவுகள் வரிசையில் நின்றன.

“காக்கா, ரயில்ல ஏறினீங்களா?”

“காக்கா, முன்னுக்கு நிண்டீங்களா? அவரக் கண்டீங்களா?”

“நுஸ்ராட வாப்பா இஞ்ச ஆக்களுக்குப் பதில் சொல்ல ஏலாமத் திரியிறாரு. என்னெண்டு ஒரு வார்த்த அனுப்புங்களன் காக்கா.”

‘நெட்வேர்க் சரியில்லை, பிறகு கதைக்கிறேன்’ என்று எழுதி அனுப்பினேன். பொய்யைக் கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவன் வந்த இடத்தில் சொன்ன முதல் பொய்.

அன்றைக்குப் பின்னேரம் ரிஸ்வான் என்னை ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மருதமுனைக்காரர் ஒருவர் நடத்துவது. கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது, பிட்டும் மீன் ஆணமும் வந்தபோது மீதியும் வந்தது. சலூனும் சில்லறைக் கடையும் இல்லாத ஊரில் விசாரணைக்கு ஏற்ற இடம் இதுதான் என்று முடிவு செய்தேன். காசு மேசையில் இருந்த முதலாளியிடம், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிக் கேட்கிற மாதிரி மெதுவாக ஆரம்பித்தேன்.

“அட்டாளைச்சேனப் பொடியன்மார் இஞ்ச வாறவங்களா?”

“சிஹானத்தானே சேர் கேக்கிறீங்க?” என்றார் முதலாளி.

ரிஸ்வான் ஆணத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“நல்ல பொடியன் சேர். தொழுக இரிக்கு. சிகரெட் இல்ல. வெள்ளிக்கிழமையில வந்து ரெண்டு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போவான். மருமகளுக்குத்தானே? அல்லாஹ் பொருத்தத்தக் குடுக்கட்டும்.”

“ரயில் ஓட்டுறதாம் எண்டு...”

கொத்துச் சத்தம் நின்றது. அடித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இறக்காமத்துக்காரர் ஒருவர் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: “அந்த ரயில்ல டிரைவரே இல்லியே சேர்.”

“தெரியும்” என்றேன்.

“அப்ப சிஹான் என்னத்த ஓட்டுறான்?”

“அதத்தான் கேக்க வந்தனான்.”

முதலாளி சிரிப்பை அடக்கப் பார்த்தார். கொத்துக்காரர் அடக்கவே பார்க்கவில்லை. சிஹான் சரியாக என்ன வேலை செய்கிறார் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, ரயில் பக்கம் ஏதோ என்பது மட்டும் தெரிந்திருந்தது. கடைசியில் நான் விசாரித்து அறிந்ததைவிட, விசாரித்ததைப் பற்றி டோஹா அறிந்ததுதான் அதிகம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வக்ராவில் சந்திப்பதாகச் சிஹானோடு பேசி வைத்திருந்தேன். என்னிடம் ஒரு பொறி தயாராக இருந்தது. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, ‘மகன், சிவப்பு விளக்கு விழுந்தா நீங்க எங்க பிறேக் பிடிப்பீங்க?’ என்று கேட்பேன். அவர் கையைக் காட்டி ஏதாவது கதை சொன்னால் சலாம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டியது. நுஸ்ராவுக்கு என்ன சொல்வது என்பதற்கு மட்டும் என்னிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

நிலையத்து வாசலில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றார். புகைப்படத்தில் பார்த்ததைவிட மெலிவு, காது கொஞ்சம் பெரிது. இரண்டு காகிதக் கோப்பைகளில் ஏலக்காய் போட்ட தேநீர். ரயிலுக்குள் குடிக்கக் கூடாது என்பதால் வெளியிலேயே நின்று குடித்தோம். பயணம் எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, குளிர் பிடித்ததா என்று கேட்டார். குளிரைப் பற்றி மட்டும் இரண்டு தரம் கேட்டார். அட்டாளைச்சேனையில் மழை பெய்து வயல் மூழ்கியதைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அவர் கோப்பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து கைகளைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

ரயிலில் ஏறி முன்கண்ணாடிக்கு வந்தோம். பக்கத்தில் மலையாளி ஒருவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு மூடியது. என் கேள்வியை எடுக்கத் தொண்டையைச் செருமினேன்.

“மாமா, முதல்ல நான் ஒண்டு சொல்லிடுறன்” என்றார் சிஹான்.

“சொல்லுங்க மகன்.”

“நான் ரயில் ஓட்டுறனெண்டு உங்கட வீட்ட யாரோ சொல்லிரிக்காங்களாம். நேத்துத்தான் எனக்குத் தெரியும். கடையில எல்லாரும் என்னக் கண்டா ‘டிரைவர் மாப்பிள்ள’ எண்டு சிரிக்கிறாங்க. இந்த ரயில ஓட்ட ஆளே இல்ல மாமா. நான் இதுகள்ற ஏசி பாக்கிற. கழட்டிக் கழுவிற, கேஸ் அடிக்கிற, மோட்டர் மாத்திற. அவ்வளவுதான். உம்மாட்டக் கேட்டன். தான் ‘ரயில்ல வேல’ எண்டு மட்டுந்தான் சொன்னதாம். தரகர்தான் மீதிய ஓட்டிரிக்காரு.”

செருமிய தொண்டையோடு நான் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

“பெரிய வேலயெண்டு நம்பி வந்திரிப்பீங்க. வேணாமெண்டா இப்பயே சொல்லிடுங்க மாமா, கோவிக்க மாட்டன். உம்மாவுக்கு நான் சொல்லிக்கிறன். ஆனா நான் பொய் சொன்னனெண்டு மட்டும் அவங்களுக்குச் சொல்லிடாதீங்க.”

‘அவங்க’ யார் என்று நான் கேட்கவில்லை. என் பொறி பையிலேயே இருந்தது. இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் பாதி இறங்கியது. பாதிதான். மீதிப் பாதி சாய்ந்தமருதில் இருந்தது. கப்பல் வாங்கியதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிற வீட்டில், வந்தது கப்பல் இல்லை என்று யார் சொல்வது?

சொல்ல வேண்டியவன் யோசித்து முடிவதற்குள் கைபேசி அடித்தது. பரீதா. எடுத்தேன். எடுக்கும்போது விரல் பட்டு ஸ்பீக்கரும் திறந்துகொண்டது. அதை எப்படி நிறுத்துவது என்று எனக்கு இதுவரை யாரும் சொல்லித் தரவில்லை.

“காக்கா! எங்க இரிக்கீங்க?”

“ரயில்ல இரிக்கன். முன்னுக்கு.”

“அவரு ஓட்டுறாரா?”

சிஹான் பக்கத்தில் நின்றார். மலையாளி கைபேசியிலிருந்து கண்ணை எடுத்தார். முன்னால் பாலம் சரிவாக இறங்க ஆரம்பித்திருந்தது. தூரத்தில் சுரங்கத்தின் வாய் ஒரு கறுப்புப் பெட்டி போலத் தெரிந்தது.

“இல்ல தங்கச்சி. அவரு ரயில் ஓட்டுறல்ல. ரயில்ட ஏசி திருத்துற வேல. தரகர் கூட்டிச் சொல்லிட்டாரு. பொடியன்ட பிழ இல்ல.”

“அப்ப ரயில் ஓட்டுறல்ல” என்றாள் பரீதா.

“இல்ல.”

“ஓட்டத் தெரியவும் தெரியா?”

“தெரியா.”

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது, லைன் அறுந்தது. மற்றவர்களுடைய கைபேசிகள் எல்லாம் தடையில்லாமல் பேசிக்கொண்டிருந்தன. என்னுடையதுதான் இருட்டைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டது. நானும் சிஹானும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவர் விளக்குகள் ஒவ்வொன்றாக எங்களை நோக்கி வந்து பக்கவாட்டில் ஓடின. தலைக்கு மேலே குளிர்க்காற்று வருகிற துவாரத்தை அவர் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார், பழக்கதோஷம். மலையாளிதான் பொறுக்க முடியாமல், ஏசி வேலை நல்ல வேலைதான், என் அண்ணனுக்கும் அதுதான் என்று தன் மொழியில் ஆறுதல் சொன்னார். சிஹான் தலையை ஆட்டினார். மாப்பிள்ளைக்கு ஆதரவாக ஒரு வாக்கு விழுந்திருந்தது. அது பெண் வீட்டு வாக்கு இல்லை.

அடுத்த நிலையத்தில் ரயில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றபோது கைபேசி மறுபடி அடித்தது.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் பரீதா, நான் ஹலோ சொல்வதற்குள்.

“என்னத்துக்கு?”

“ஓட்டத் தெரியாததுக்குத்தான் காக்கா. ரயில் ஓட்டுற மாப்பிள்ளய வெச்சி நான் என்ன செய்ய? நம்மட ஊர்ல தண்டவாளம் இரிக்கா? மட்டக்களப்போட சரி. அவரு ரயில் இரிக்கிற நாடு நாடாப் போவாரு, என்ட புள்ளயும் பின்னால போவா. நான் கட்டின வீட்ட புறாவுக்கா குடுக்கிற? இந்த மாசம் முழுக்க எனக்கு நித்திர இல்ல காக்கா.”

“அப்ப ஏன் முதலே சொல்லல்ல?”

“எப்புடிச் சொல்ற? நுஸ்ராட வாப்பா ஊரெல்லாம் பெரும பேசிட்டுத் திரியிறாரு. நீங்களும் சந்தோசமாப் பெட்டி கட்டினீங்க. நான் ஒருத்தி குறுக்க நிக்கவா?” மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஏசியெண்டா வேற கத. கல்முனையில எத்தின கட, எத்தின பேங்க், எத்தின டிஸ்பென்சரி. ஏசி இல்லாத இடம் எங்க இரிக்கு இப்ப? திருத்த ஆளத் தேடி அம்பாறைக்குப் போறாங்க. காக்கா, அவரு ஊருக்கு வாற எண்ணமிரிக்கா எண்டு கேளுங்க.”

கேட்க வேண்டியிருக்கவில்லை. அது ஸ்பீக்கரில் பெட்டி முழுவதற்கும் கேட்டிருந்தது.

“ரெண்டு வருசத்துக்குள்ள வந்திடுவன் மாமி” என்றார் சிஹான், குனிந்து என் கைபேசிக்கு அருகே. “கல்முனையில ஒரு சின்னக் கட போடத்தான் இஞ்ச வந்த.”

அவர் பக்கத்தில் இருப்பது பரீதாவுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் மாமியும் மருமகனும் முதல் வார்த்தை பேசுவதற்கு ஒரு முறை உண்டு, பழமும் பலகாரமும் நடுவில் உண்டு. பரீதா சட்டென்று குரலை மாற்றிக்கொண்டாள். முக்காட்டை இழுத்துப் போட்ட சத்தம் கூடக் கேட்டது.

“நல்லா இரிக்கீங்களா மகன்?”

“ஓம் மாமி, அல்ஹம்துலில்லாஹ்.”

“மேல் மாடி அறையில ஏசி ஒண்டு பூட்டின. தண்ணி ஒழுகிட்டே இரிக்கு.”

“உள்பக்கமா வருதா மாமி, வெளிப்பக்கமா?”

“உள்பக்கம். கட்டில் நனையுது.”

“பில்டரக் கழட்டிக் கழுவிப் பாருங்க. சரிவராட்டி ஆளுக்குக் காசு குடுத்திடாதீங்க, நான் சொல்றன்.”

மலையாளி எனக்குக் கை கொடுத்தார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, நானும் கொடுத்தேன். தங்கை நாலு பேரிடம் கப்பலைப் பற்றி என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க வாயெடுத்தேன். அது தன் புருஷன் ஆரம்பித்த கதை, அவரே முடிக்கட்டும் என்றாள். இரண்டு நாளாக நான் சுமந்து திரிந்தது அவளுக்கு ஒரே வரியில் முடிந்துபோனது.

அப்போது அந்தப் பக்கம் கைபேசி கை மாறியது.

“மாமா.” நுஸ்ரா. பின்னால் மாத்திரை அட்டைகள் சரசரத்தன. வேலை முடிந்து மருந்துக் கடையிலிருந்து எதையோ கொண்டு வந்திருக்கிறாள். “ஒண்டு மட்டும் கேக்கன். அவரு டிரைவர் இல்ல எண்டு நீங்க கேட்டதுக்குப் புறகா சொன்னாரு, கேக்க முந்தியா?”

ஸ்பீக்கரை நிறுத்த நான் இரண்டு பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். படம் எடுக்கத்தான் அது முயன்றது. சிஹான் ஓரடி விலகி நின்றுகொண்டார், கேட்காதவர் போல.

“கேக்க முந்தித்தான் மகள். நான் வாயத் தொறக்கல்ல.”

“மெய்யா?”

“மெய்யாத்தான்.”

மாத்திரை அட்டைகளின் சத்தம் நின்றது. கதவுகள் மூடி ரயில் மறுபடி புறப்பட்டது. லைன் அறுந்துவிடுமோ என்று கைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டேன், ஸ்பீக்கர் போட்டிருப்பதை மறந்து.

“அப்ப எனக்குச் சம்மதமெண்டு சொல்லுங்க மாமா” என்றாள் நுஸ்ரா.

நான் சொல்லத் திரும்பினேன். சிஹானின் பெரிய காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. இரண்டு கைகளாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணை எடுத்தால் ரயில் தடம் புரண்டுவிடும் என்பது போல, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.